மாலை நான்கு மணிக்குப் பிறகு: உறைவிடப் பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் ஏன் உரிமைப் பிரச்சினை ஆகின்றன?

பள்ளி முடியும் மணி அடிக்கிறது. வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அந்த மணி வேறு பொருள் தருகிறது. மறுநாள் வகுப்பு தொடங்கும்வரை ஏறத்தாழ 17 மணி நேரம் அவர் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறார். உறக்கம், உணவு, குளியல், துணி துவைத்தல் ஆகியவை போக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமேனும் எஞ்சும். ஆண்டுக்கு 200 நாட்கள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1,000 மணி நேரம். ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஒரு மாணவருக்கு அது 7,000 மணி நேரம்.

இந்த 7,000 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி. உறைவிடப் பள்ளிகள், ஆதிதிராவிடர் விடுதிகள் குறித்த நம்முடைய போராட்டங்கள் பெரும்பாலும் சோறு, கழிப்பறை, கட்டடம், குடிநீர் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை தேவையான போராட்டங்கள்; இன்னும் முடியாத போராட்டங்களும்கூட. ஆனால் வயிறு நிறைந்த பிறகு அந்தப் பிள்ளை மாலையில் என்ன செய்கிறார் என்று நாம் கேட்டதில்லை. விவாத மன்றம், அறிவியல் மன்றம், இலக்கிய மன்றம், மாணவர் இதழ், வாசகர் வட்டம் என்று வசதி படைத்தோரின் விடுதிப் பள்ளிகள் தம் மாலை நேரத்தை நிரப்பிவைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளின் மாலை நேரம் பெரும்பாலும் யாருக்கும் சொந்தமில்லாத நேரமாகக் கிடக்கிறது.

மன்றம் எதைக் கற்றுத் தருகிறது?

மன்றம் என்றவுடன் ஆண்டு விழா மேடையும், வரவேற்பு நடனமும், பரிசுக் கோப்பையும் நினைவுக்கு வருகின்றன. அவை மன்றத்தின் புறத்தோற்றம். ஒரு மன்றம் உண்மையில் இயங்கும்போது அதற்குள் நடப்பது வேறு.

ஒரு விவாத மன்றத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். பொருளை முன்கூட்டியே முடிவு செய்து அறிவிக்க வேண்டும். பேசுவோருக்கு நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். தனக்குப் பிடிக்காத கருத்தைப் பேசுபவரையும் தலைவர் முழுமையாகப் பேசவிட வேண்டும். செயலாளர் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து ஒப்புதல் பெற வேண்டும். பொருளாளர் இருபது ரூபாய்க்கும் கணக்கு வைக்க வேண்டும். வாக்கெடுப்பில் தோற்றவர் தோல்வியை ஏற்றுக்கொண்டு அடுத்த வாரமும் வந்து அமர வேண்டும்.

இவை எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. ஆனால் ஊராட்சி மன்றம், தொழிற்சங்கம், கல்லூரிப் பேரவை, அரசு அலுவலகம், நீதிமன்றம், சட்டமன்றம் என நாட்டை நடத்தும் எல்லா இடங்களும் இந்தப் பழக்கங்களின் மீதே நிற்கின்றன. கூட்டத்தில் எழுந்து நின்று 'தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தில் ஒரு திருத்தம்' என்று சொல்லத் தெரிந்தவருக்கும், சொல்ல நினைத்தும் தொண்டை அடைத்து அமர்ந்துவிடுபவருக்கும் அறிவில் வேறுபாடு இல்லை, பழக்கத்தில்தான் வேறுபாடு. அந்தப் பழக்கம் சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. அப்பா வழக்கறிஞர், அம்மா பேராசிரியர், மாமா அதிகாரி என்றிருக்கும் வீட்டில் இரவு உணவு நேரமே ஒரு விவாத மன்றம்தான். கூலி வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்கு அதை யார் தருவது? பிள்ளையை விடுதியில் சேர்த்துக்கொண்ட அந்த நாளிலேயே அரசு அந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

மேட்டுக்குடிப் பள்ளிகள் அறிந்த உண்மை

இந்த உண்மையை ஆளும் வகுப்பார் நெடுங்காலமாக அறிவார்கள். இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி அந்நாட்டுக்கு 20 தலைமை அமைச்சர்களைத் தந்திருக்கிறது. அங்கே 'பாப்' என்று அழைக்கப்படும் ஈட்டன் சங்கம் 1811இல் ஒரு விவாதக் கழகமாகவே தொடங்கப்பட்டது. ஆட்சி செய்யப் பிறந்தவர்கள் என்று தம்மைக் கருதிக்கொண்டவர்கள்கூட, பேசவும் வாதிடவும் பள்ளிப் பருவத்திலேயே பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அந்த மரபின் இந்திய வடிவம் டேராடூனிலுள்ள டூன் பள்ளி. 1935இல் தொடங்கப்பட்ட அதன் முதல் தலைமையாசிரியர் ஆர்தர் ஃபுட், ஈட்டனில் ஆசிரியராக இருந்தவர். பள்ளி தொடங்கிய அடுத்த ஆண்டே, 1936இல், மாணவர்கள் நடத்தும் வார இதழ் அங்கே வெளிவரத் தொடங்கிவிட்டது. எழுத்தாளர் விக்ரம் சேத் மாணவராக இருந்தபோது அந்த இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். ராஜீவ் காந்தி முதல் நவீன் பட்நாயக் வரை அரசியலின் உச்சிக்குச் சென்ற பலர் அந்தப் பள்ளியின் மாணவர்கள். அவர்கள் எல்லோரும் மன்றத்தால்தான் உயர்ந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பணமும் குடும்பப் பின்னணியும் முதல் காரணங்கள். ஆனால் பணம் இருந்தும் அந்தப் பள்ளிகள் மன்றங்களைக் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் வாய்த்தவர்களுக்கே இன்றியமையாததாக இருக்கும் ஒன்று, எதுவுமே வாய்க்காதவர்களுக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாகும்?

சோலாப்பூர் விடுதியின் மாணவர் இதழ்

இது மேட்டுக்குடியினரிடமிருந்து நாம் இரவல் வாங்க வேண்டிய சிந்தனையும் இல்லை. நம் இயக்கத்தின் தொடக்கத்திலேயே இது இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1924ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபா'வைத் தொடங்கினார். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்ற முழக்கத்தோடு அடையாளப்படுத்தப்படும் அந்த அமைப்பின் முதல் வேலைகளில் ஒன்று, 1925ஆம் ஆண்டு சனவரியில் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு விடுதியைத் திறந்தது. தங்க இடம், உண்ண உணவு, உடுக்க உடை என்பதோடு அந்த விடுதி நின்றுவிடவில்லை. அங்கிருந்த மாணவர்கள் 'சரஸ்வதி விலாஸ்' என்ற பெயரில் ஒரு மாத இதழை நடத்தினார்கள். அதே சபா பம்பாயில் இலவசப் படிப்பகம் ஒன்றையும், மகர் இளைஞர்களுக்கான ஹாக்கிக் குழுவையும் நடத்தியது.

அந்தக் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுக் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்கான மகத் போராட்டம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1927இல்தான் நடக்கிறது. தண்ணீர் உரிமைகூட இல்லாத ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு மாத இதழும், படிப்பகமும், ஹாக்கி மட்டையும் எதற்கு என்று அண்ணல் கேட்கவில்லை. சோற்றுக்குப் பிறகு மன்றம், அடிப்படை வசதிக்குப் பிறகு அறிவு என்று அவர் வரிசை போடவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் வைத்தார்.

அதற்கு அவருடைய சொந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்க வேண்டும். சாதியின் தோற்றமும் இயக்கமும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வுரை, 1916ஆம் ஆண்டு மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கருத்தரங்கு ஒன்றில் சக மாணவர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. ஒரு கட்டுரையை எழுதி, கூடியிருப்போர் முன் வாசித்து, கேள்விகளை எதிர்கொள்வது என்ற அந்தச் சிறிய சடங்கின் ஆற்றலை அவர் அறிந்திருந்தார். பிற்காலத்தில், 1946இல், அவருடைய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, அங்கே மாணவர் நாடாளுமன்றம் இயங்கியது. நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த அண்ணல், 1950இல் அந்த மாணவர் நாடாளுமன்றத்திற்கு வந்து இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பற்றி உரையாற்றினார். நாடாளுமன்றத்தில் தாம் போராடிக்கொண்டிருந்த ஒரு மசோதாவை மாணவர் அவையின் முன்னும் விளக்கத் தகுந்ததாக அவர் கருதினார். மாணவர் மன்றத்திற்கு இதைவிடப் பெரிய மதிப்பை யாரும் தர முடியாது.

தமிழ்நாட்டிலும் சேரியின் அறிவு மரபு பள்ளிச் சுவருக்குள் மட்டும் வளரவில்லை. இரவுப் பள்ளிகள், அம்பேத்கர் படிப்பகங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றின் திண்ணையில்தான் நம் முன்னோடிகள் பலர் முதன்முதலாக நாளிதழ் வாசித்தார்கள். முதன்முதலாக மேடை ஏறினார்கள். விடுதிக்குள் ஒரு மன்றம் வேண்டும் என்று கேட்பது அந்தத் திண்ணையை விடுதிக்குள் கொண்டுவரக் கேட்பதே.

இரண்டு துறைகளுக்கு இடையில் விழும் மாலை

இன்றைய தமிழ்நாட்டுக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் மன்றங்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கின்றன. இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படத் திரையிடல் எனப் பல செயல்பாடுகளைப் பள்ளிக் கல்வித் துறை வகுத்துள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று திருச்சி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்காக 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு வகுக்கப்பட்டது. இது வரவேற்க வேண்டிய திட்டம்.

ஆனால் இவை அனைத்தும் பள்ளி நேரத்துக்குள் அடங்குபவை. பள்ளி ஒரு துறையின் கீழும், விடுதி வேறொரு துறையின் கீழும் இருப்பதுதான் நம் மாநிலத்தின் அமைப்பு. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகளையும் 1,300க்கும் மேற்பட்ட விடுதிகளையும் நடத்துகிறது. விடுதி மாணவர்களில் பலர் பகலில் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ சென்று மாலையில் விடுதிக்குத் திரும்புகிறார்கள். பள்ளியின் மன்றம் நான்கு மணிக்கு முடிந்துவிடுகிறது. விடுதியில் மாணவர்களின் வருகைப் பதிவு, சமையல், இருப்புப் பதிவேடு, பாதுகாப்பு ஆகியவற்றின் சுமை காப்பாளர் மீது இருக்கிறது. அந்தக் காப்பாளரும் பெரும்பாலும் ஆசிரியர் பணியிலிருந்து அமர்த்தப்பட்டவரே. கற்பிக்கத் தெரிந்த ஒருவரை அரிசிக் கணக்குக்குள் மூழ்கடித்துவிட்டு, மாலையில் மன்றம் ஏன் நடக்கவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. தவறு தனிமனிதரிடம் இல்லை. மாலை நேரம் எந்தத் துறையின் பொறுப்பு என்று எழுதப்படாததில் இருக்கிறது.

பணத்தையும் பார்ப்போம். 2023இல் பள்ளி விடுதி மாணவர்களுக்கான மாத உணவுத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாகவும், கல்லூரி விடுதி மாணவர்களுக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ரூபாயே வரும் அந்தத் தொகை போதாது என்று நாம் தொடர்ந்து சொல்லிவருகிறோம். எனினும் உணவுக்கு ஒரு தலைப்பும், தலைக்கு இவ்வளவு என்ற விகிதமும் இருப்பதால்தான் அதை உயர்த்தச் சொல்லிப் போராட முடிகிறது. விகிதம் என்று ஒன்று எழுதப்படாத இடத்தில் எதை உயர்த்தக் கேட்பது? மாலை நேரக் கல்விக்கும் மன்றங்களுக்கும் ஒரு மாணவருக்கு மாதம் எவ்வளவு என்ற எண் விடுதியின் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும் நாளில்தான் அது உரிமையாகும். அதுவரை அது யாரோ ஒரு நல்ல காப்பாளரின் கருணைதான்.

2025ஆம் ஆண்டு ஜூலையில், பல துறைகளின் கீழ் இயங்கும் மாணவர் விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, நாங்குநேரிக் கொடுமையை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்கவும், பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்திருந்தது. பெயர் மாற்றம் குறித்து நம்மிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று உறுதி: வாயிலில் உள்ள பலகையில் 'சமூகநீதி' என்று எழுதிவிட்டால் போதாது. உள்ளே மாலை ஆறு மணிக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

'முதலில் மதிப்பெண்' என்ற வாதம்

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதை வைப்பவர்கள் பகைவர்கள் இல்லை; பெரும்பாலும் நம் பெற்றோரும், அக்கறையுள்ள ஆசிரியர்களும்தான். 'நம் பிள்ளை முதலில் தேர்ச்சி பெறட்டும், நீட் எழுதட்டும், வேலைக்குப் போகட்டும். பேச்சுப் போட்டியெல்லாம் பிறகு பார்க்கலாம்' என்பது அவர்களின் நிலை. ஒரு தலைமுறையின் பசியைத் தீர்க்க ஒரே ஒரு வாய்ப்பு உள்ள குடும்பத்தின் கணக்கு அது. அதை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது. மாலை முழுவதும் மாதிரி வினாத்தாளை மட்டுமே எழுதிப் பழகிய மாணவர் கல்லூரிக்குச் சென்றதும் முதலில் தடுமாறுவது தேர்வில் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்பதிலும், குழுவில் பேசுவதிலும், நேர்காணலில் கண்ணைப் பார்த்து விடை சொல்வதிலும்தான். நுழைவுத் தேர்வு வாயிலைத் திறக்கும். உள்ளே நடந்து செல்லும் கால்களை அது தருவதில்லை.

தெலங்கானாவின் அனுபவம் இங்கே பயன்படும். அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 1971இல் நல்கொண்டா மாவட்டத்தின் சர்வேலில் தொடங்கிய அரசு உறைவிடப் பள்ளி மரபு, பின்னர் பட்டியல் சாதி மாணவர்களுக்கான சமூக நல உறைவிடப் பள்ளிகளாக விரிந்தது. 2012 முதல் 2021 வரை அவற்றின் செயலாளராக இருந்த இந்தியக் காவல் பணி அதிகாரி ஆர்.எஸ். பிரவீண்குமார் காலத்தில், பாடத்தோடு ஆங்கில உரையாடல், விளையாட்டு, மலையேற்றம் போன்றவற்றுக்கும் இடம் தரப்பட்டது. புவனகிரியின் பாறைகளில் ஏறிப் பழகிய இரண்டு மாணவர்கள், பழங்குடிச் சிறுமி மாலாவத் பூர்ணாவும் தலித் மாணவர் சாதனப்பள்ளி ஆனந்த்குமாரும், 2014ஆம் ஆண்டு மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். பூர்ணாவுக்கு அப்போது 14 வயதுகூட நிறையவில்லை.

அந்த நிகழ்வின் பயன் இரண்டு பிள்ளைகளோடு முடிந்துவிடவில்லை. 'இந்தப் பள்ளிப் பிள்ளைகளால் இவ்வளவுதான் முடியும்' என்று வரையப்பட்டிருந்த கோட்டை அது அழித்தது. அதே வேளை, ஒரு அதிகாரியின் ஊக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும் எதுவும் அவர் மாறியவுடன் தள்ளாடும் ஆபத்து உண்டு. எனவேதான் மன்றம் என்பது தனிநபரின் ஆர்வமாக இல்லாமல், ஆணையாகவும் நிதித் தலைப்பாகவும் கால அட்டவணையாகவும் எழுதப்பட வேண்டும் என்கிறோம்.

மன்றத்துக்குள்ளும் சாதி நுழையும்

மன்றம் என்று பெயர் வைத்துவிட்டால் அது தானாகவே சமத்துவ வெளியாகிவிடாது. முன்பு சொன்ன ஈட்டனின் 'பாப்', விவாதக் கழகமாகத் தொடங்கி, நாளடைவில் தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சலுகைக் குழுவாக மாறியது. மன்றம் கதவாகவும் இருக்கலாம், தாழ்ப்பாளாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் அந்தத் தாழ்ப்பாளின் பெயர் சாதி. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை ஆராய 2006இல் அமைக்கப்பட்ட சுக்தேவ் தோரட் குழு, 2007இல் அறிக்கை தந்தது. விடுதியில் அந்த மாணவர்கள் தனித்து ஒதுங்கி வாழத் தள்ளப்பட்டதையும், உணவுக் கூடத்திலும் விளையாட்டிலும் பண்பாட்டு நிகழ்வுகளிலும் விலக்கப்பட்டதையும் அக்குழு பதிவு செய்தது. வகுப்பறையில் சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. வகுப்புக்கு வெளியே, குழு சேரும் இடத்தில், சாதி தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது.

பள்ளி அளவிலும் இதை நாம் கவனிக்க வேண்டும். மேடையில் பேசுபவர் யார், நாற்காலி எடுத்துப் போடுபவர் யார்? செயலாளர் யார், கூட்டம் முடிந்ததும் அறையைப் பெருக்குபவர் யார்? பட்டியல் சாதி மாணவர்களுக்குள்ளேயே அருந்ததியர், புதிரை வண்ணார் பிள்ளைகளும், அவர்களோடு பழங்குடிப் பிள்ளைகளும் பொறுப்புக்கு வருகிறார்களா? பெண் பிள்ளைகள் வரவேற்புப் பாடலுக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா, தலைமை ஏற்கவும் அழைக்கப்படுகிறார்களா? ஆறு மணிக்கு மேல் வாயிற்கதவு திறக்காத ஒரு மாணவியர் விடுதியில், ஊர் நூலகமும் பொதுக்கூட்டமும் அவர்களுக்கு எட்டாதவை. அங்கே விடுதிக்குள் கூடும் மன்றம் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பொதுவெளி. அதனாலேயே மாணவியர் விடுதிகளில் மன்றம் இரட்டைத் தேவையாகிறது.

தலித் மாணவர்கள் தாமே மன்றம் அமைத்துச் சிந்திக்கத் தொடங்கும்போது நிறுவனங்கள் எப்படி எதிர்வினையாற்றின என்பதையும் நாம் மறக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம், பெயரிடப்படாத ஒரு புகாரைத் தொடர்ந்து 2015 மே மாதம் நீக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த மாதமே திரும்ப வழங்கப்பட்டது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வளாகத்தின் திறந்த வெளியில் அவர்கள் 'வெளிவாடா' அமைத்துப் போராடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 சனவரி 17 அன்று நாம் இழந்தோம். விடுதியும் மன்றமும் நம் வரலாற்றில் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இதைவிடத் துயரமாக எதுவும் சொல்லிவிடாது. மாணவர் கூடிப் பேசுவது ஆற்றல் இல்லாத செயலாக இருந்திருந்தால், அதைத் தடுக்க இவ்வளவு முயற்சி எடுத்திருக்க மாட்டார்கள்.

உண்மையான மன்றத்தின் அடையாளங்கள்

காகிதத்தில் இருக்கும் மன்றத்தையும் உயிரோடு இருக்கும் மன்றத்தையும் பிரித்தறிய ஐந்து அடையாளங்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, நேரம். வாரத்தில் குறிப்பிட்ட நாளும் மணியும் அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேர்வு நெருங்கினால் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, பொறுப்பு. மாணவர்களே தேர்ந்தெடுக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை பொறுப்பு கைமாற வேண்டும். நன்றாகப் பேசும் ஒரே மாணவரை ஐந்தாண்டுகள் மேடையேற்றிக் கோப்பை வாங்குவது மன்றமாகாது. பேசவே கூச்சப்படும் மாணவர் ஒருமுறையேனும் தலைமை நாற்காலியில் அமர வேண்டும்.

மூன்றாவது, பணம். சிறு தொகையாக இருந்தாலும் அதைச் செலவிடும் முடிவு மாணவர் கையில் இருக்க வேண்டும். எந்த இதழை வாங்குவது, எந்தச் சோதனைக்குப் பொருள் வாங்குவது என்று தீர்மானம் போட்டு, இரசீது வைத்து, கணக்கை வாசிக்கும் பிள்ளை, நாளை ஊராட்சியின் கணக்கையும் கேட்கும்.

நான்காவது, பதிவு. கூட்டக் குறிப்பேடும், மாணவர்களே எழுதி வெளியிடும் ஓர் இதழும் வேண்டும். அச்சிட வசதி இல்லையெனில் கையெழுத்து இதழ் போதும். ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. ஒரு பள்ளிச் சிறுமியின் கட்டுரை இன்று தலித் பெண் எழுத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக நிற்கிறது. நம் விடுதிகளில் எழுதப்படாமல் போகும் கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 'மரம் வளர்ப்போம்', 'நேரம் பொன் போன்றது' என்ற தலைப்புகளோடு நிற்காமல், ஊர்க் குளம், மயானப் பாதை, கைகளால் மலம் அள்ளும் வேலைக்கான தடைச் சட்டம், கல்வி உதவித்தொகை, தம் விடுதியின் உணவுப் பட்டியல் ஆகியவற்றையும் மாணவர்கள் பேச இடம் வேண்டும். தன் வாழ்வைப் பேச அனுமதிக்காத மன்றம் மனப்பாடப் போட்டியாகவே எஞ்சும்.

நாம் செய்யக்கூடியவை

கல்லூரி மாணவர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் இதில் உடனடி வேலைகள் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் உங்கள் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்திடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: மாவட்டத்தின் ஒவ்வொரு விடுதியிலும் கடந்த கல்வியாண்டில் எந்தெந்த மாணவர் மன்றங்கள் இயங்கின? எத்தனை கூட்டங்கள் நடந்தன, அவற்றின் குறிப்பேட்டு நகல் கிடைக்குமா? நூல்கள், இதழ்கள், நாளிதழ்களுக்குச் செலவிடப்பட்ட தொகை எவ்வளவு? மன்றங்களுக்கும் மாலை நேரக் கல்விக்கும் எந்த நிதித் தலைப்பில் ஒதுக்கீடு உள்ளது? கிடைக்கும் விடையே அடுத்த கோரிக்கையின் அடிப்படையாகும். விடை 'இல்லை' என்று வந்தால், 2024இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சி செயல் திட்டச் சட்டத்தைச் சுட்டி, நம் மக்களுக்காக ஒதுக்கப்படும் நிதியில் விடுதி மன்றங்களுக்குத் தனித் தலைப்பு கேட்க முடியும்.

இரண்டாவது வேலை இன்னும் எளியது. விடுதியில் படித்துக் கல்லூரிக்கு வந்தவர்கள் உரிய அனுமதி பெற்று மாதம் ஒரு மாலை தாம் படித்த விடுதிக்குத் திரும்பிச் செல்லலாம். அறிவுரை சொல்வதற்காகச் செல்ல வேண்டாம். அதற்கு அங்கே ஏற்கெனவே ஆட்கள் உண்டு. ஒரு நூலைப் பற்றிப் பேசவும், பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கவும், அவர்கள் குறிப்பேட்டில் எழுதுவதை உடனிருந்து பார்க்கவும் செல்லுங்கள். அரசின் பொறுப்பை நாம் சுமப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று செய்து காட்டுவதற்காகவே சொல்கிறோம்.

சோலாப்பூர் விடுதியில் மாணவர்கள் இதழ் நடத்தி நூறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று நம்மிடம் அரசு இல்லை, துறை இல்லை, நிதிநிலை அறிக்கையில் தலைப்பு இல்லை. இன்று அவை அனைத்தும் பெயரளவிலேனும் உள்ளன. இருந்தும் நம் விடுதிகளின் மாலை நேரம் வெறுமையாகக் கிடக்குமானால், அந்த 7,000 மணி நேரத்திற்கு யார் பொறுப்பு என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. அடுத்த முறை ஒரு விடுதியைப் பார்வையிடச் செல்லும்போது சமையலறையைப் பாருங்கள், கழிப்பறையைப் பாருங்கள். திரும்பும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: 'உங்கள் மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.'